தண்ணீர் ஊற்றி வளர்த்த விழிப்புணர்வு

கொசு ஒழிப்பு இயக்ககம் என்று ஒன்று இருந்தது. அது கொசுவை ஒழித்ததாக யாரும் சொன்னதில்லை. அதற்கு ஆகாதவர்கள்கூட அப்படி ஒரு பழியை அதன்மேல் போட்டதில்லை. அதற்கு ஒரு மருந்து வண்டி இருந்தது. வண்டிக்கு ஓட்டுநர் இருந்தார், ஓட்டுநருக்கு உதவியாளர் இருந்தார், இருவரும் சாய்ந்து தூங்குவதற்கு வளாகத்தில் நல்ல நிழலாக ஒரு மரமும் இருந்தது. கொசு இவர்கள் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் தன் பாட்டுக்கு இருந்துவந்தது.

அந்த வருஷம் சிக்குன்குனியா பரவலாம் என்று மேலிடத்திலிருந்து எச்சரிக்கை வந்ததும் இயக்ககம் திடீரென்று சுறுசுறுப்பாகிவிட்டது. அதன் இயக்குநருக்கு நல்ல உயரம், நல்ல குரல், மைக்கைக் கண்டால் தானாகத் திறந்துகொள்ளும் வாய். அவர் நெடுநேரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்.

"நோட்டீஸ் அடிச்சுக் குடுத்தா ஜனங்க அதுல பொட்டலம் கட்டறாங்க. படம் ஒட்டினா அதுல இருக்கிற டாக்டருக்கு மீசை வரைஞ்சு விடறாங்க. இவங்களுக்கெல்லாம் கண்ணால பாத்தாத்தான் மண்டையில ஏறும்" என்றார். அப்படிப் பிறந்ததுதான் கொசு விழிப்புணர்வு நிரந்தரக் கண்காட்சி.

இடத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு தெருவில் இயக்ககத்துக்குச் சொந்தமாக ஒரு காலி மனை இருந்தது. அதைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, கேட் வைத்து, பூட்டு மாட்டினார்கள். உள்ளே பழைய டயர்கள் ஒரு வரிசை, வாய் உடைந்த வாளிகள் ஒரு வரிசை, பூந்தொட்டித் தட்டுகள், மூடியில்லாத சிமென்ட் தொட்டி ஒன்று, தொய்ந்து குழிவிழுந்த தார்ப்பாய் ஒன்று, பின்பக்கத் தட்டோடு ஒரு செத்துப்போன ஃப்ரிட்ஜ். எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பினார்கள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் 'இப்படி வைக்காதீர்' என்று ஒரு போர்டு. கேட்டுக்கு மேலே எல்லாப் போர்டுகளுக்கும் அப்பனாக ஒரு பெரிய போர்டு: 'தண்ணீரைக் கொட்டுவீர்! தேய்த்துக் கழுவுவீர்! பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பீர்!'

வெயிலில் தண்ணீர் வற்றிவிட்டால் கண்காட்சிக்கு உயிர் போய்விடுமே என்று, தினமும் வந்து நிரப்ப ஒரு ஆளையும் போட்டார்கள். அவருக்கு உத்தியோகப் பெயர் 'நீர் இருப்புப் பராமரிப்பாளர்'. கொசுவை ஒழிக்கிற இயக்ககத்தில் சொன்ன வேலையைச் சொன்னபடி ஒழுங்காகச் செய்த ஒரே ஊழியர் அவர்தான்.

அந்தக் கேட்டுக்கு நேர் எதிரே ஒரு சாவிக்காரர் இருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு. தொலைந்த சாவிக்கு மறுசாவி போடுவார், திறக்காத பூட்டைத் திறப்பார், திறந்த பூட்டை மறுபடி பூட்டவைப்பார். வாயை அதிகம் திறக்கமாட்டார். திறப்பு விழாவுக்கு நாற்காலி நிரம்பவில்லை என்று கடையிலிருந்த அவரையும் இழுத்துப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

இயக்குநருக்கு ஒரு உதவி இயக்குநர் இருந்தார். எந்த விழாவில் ரிப்பன் வெட்ட நேருமோ என்று சட்டைப்பையில் எப்போதும் ஒரு கத்திரிக்கோல் வைத்திருப்பார். தெருவில் அவருக்குக் 'கத்திரிக்கோல்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர் எடுத்துக்கொடுத்தார், இயக்குநர் வெட்டினார், பிறகு பேசினார்.

"இந்தக் கொசு சாக்கடையில பிறக்கிற கொசு இல்ல. சுத்தமான தண்ணியில முட்டை போடற கொசு. பகல்ல கடிக்கும், காலையிலயும் சாயங்காலமும் இன்னும் ஜாஸ்தியாக் கடிக்கும். பாத்திரத்தோட ஓரத்துல முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணி காஞ்சாலும் முட்டை சாகாது, அதனால தேச்சுக் கழுவணும். ஒரு வாரத்துல புழு கொசுவாயிடும். புகை அடிச்சா பறக்கிற கொசுதான் சாகும், புழு சாகாது. தண்ணியைக் கொட்டறது ஒண்ணுதான் வழி!"

பேசியதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தெரியாமல் செய்கிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். எல்லாம் தெரிந்து, மனப்பாடமாகவும் தெரிந்து, மைக்கில் சொல்லிவிட்டு இறங்கி வந்து டயரில் தண்ணீர் தளும்புகிறதா என்று குனிந்து பார்க்கிறவனை என்ன செய்வது? தெருவே பட்பட்டென்று கை தட்டியது. அன்றைக்கு எல்லாருக்கும் கை நன்றாக இருந்தது.

சாவிக்காரர் அந்தப் பேச்சை அப்படியே நம்பினார். வீட்டுக்குப் போனதும் வாளியைக் கவிழ்த்தார், குடத்தை மூடினார், ஃப்ரிட்ஜைத் திருப்பிப் பின்தட்டைக் கழுவினார், மாடித் தொட்டிக்குள் இறங்கித் தேய்தேயென்று தேய்த்தார். அவர் மனைவிக்கு அப்போது வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. கல்யாணமாகி நெடுநாள் கழித்து வந்த முதல் கர்ப்பம். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர் கூத்தைப் பார்த்தாள்.

"அந்த ஆபீஸ் சொன்னதைச் செய்யற ஒரே ஆள் இந்த உலகத்துல நீங்கதாங்க" என்றாள்.

"நல்லதுதானே சொல்றாங்க."

"சொல்றது நல்லதுதான். எதிர்ல என்ன வச்சிருக்காங்கன்னு பாத்தீங்களா?"

"அது கண்காட்சிம்மா. அப்படி வைக்கக்கூடாதுன்னு காட்டறதுக்கு வச்சிருக்காங்க."

"கொசுவுக்குப் போர்டு படிக்கத் தெரியுமா?"

தெரியாதுதான் என்று அவருக்கும் பட்டது. ஆனாலும் அவ்வளவு பெரிய மனிதர்கள் அதை யோசிக்காமலா இருந்திருப்பார்கள் என்று சமாதானம் செய்துகொண்டார். இந்த நாட்டில் பாதிப் பேர் இந்தச் சமாதானத்தில்தான் காலம் தள்ளுகிறோம்.

காய்ச்சல் முதலில் அவருக்குத்தான் வந்தது. ஒரே நாளில் ஆளைத் தூக்கிப்போட்டது. காய்ச்சல் விட்ட பிறகு மூட்டு பிடித்துக்கொண்டது. கணுக்கால் வீங்கி, முட்டி மடங்காமல், இடுப்பு ஒரு பக்கமாக வளைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதைவிட மோசம் விரல்கள். சாவியை இடுக்கியில் பிடித்து அரத்தால் ராவுகிற விரல்கள் பத்தும் பலூன் மாதிரி ஊதி நின்றன. காலையில் மனைவிதான் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள்.

பிறகு தெரு முழுவதும் சரிந்தது. பேக்கரிக்காரருக்கு மாவு பிசைய முடியவில்லை. பெயின்டருக்குக் கை தோளுக்கு மேல் போகவில்லை. டைப்படிக்கிற அக்கா விரல்களை வெந்நீரில் ஊறவைத்தபடி அழுதாள். எதிரெதிரே வருகிறவர்கள் இருவரும் வளைந்து வளைந்து வந்ததைப் பார்த்தால் ஒருவருக்கொருவர் ரொம்பவும் மரியாதை செய்துகொள்கிறார்கள் என்று தோன்றும்.

சாவிக்காரர் தன் விரலைப் பற்றிக் கவலைப்பட்டார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மனைவியைப் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு போன நாளில் அந்தக் கவலை சின்னதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர் நடையைப் பார்த்ததுமே எழுந்துகொண்டார்.

"உங்களுக்கு வந்து போயிடுச்சு. வலி மாசக்கணக்குல இழுக்கும், ஆனா தேறிடுவீங்க. இவங்களுக்கு வராமப் பாத்துக்குங்க. பிரசவ சமயத்துல அம்மாவுக்குக் காய்ச்சல் இருந்தா குழந்தைக்கும் தொத்திக்கும். பச்சைக் குழந்தை உடம்பு அதைத் தாங்கறது ரொம்பக் கஷ்டம். பகல்லயும் கொசுவலைக்குள்ள இருக்கச் சொல்லுங்க, முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்க. வீட்டுக்குப் பக்கத்துல எங்கயாவது தண்ணி தேங்கி நிக்குதா?"

"நிக்குதும்மா" என்றார் சாவிக்காரர். "போர்டு போட்டு வச்சிருக்காங்க."

டாக்டரம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, காய்ச்சலில் ஆள் கொஞ்சம் குழம்பியிருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டார்.

மனைவியை அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று யோசித்தார். அவள் கேட்கவில்லை. "பிரசவம் பாக்கற ஆஸ்பத்திரி இங்க இருக்கு. நீங்க ஒரு பொத்தான் போட முடியாம நிக்கறீங்க. உங்களை இப்படி விட்டுட்டு அங்க போய் நான் நிம்மதியா உக்காருவேனாக்கும்!" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டாள். ஜன்னல்களுக்கு வலை அடித்தார்கள். கட்டிலுக்கு வலை கட்டினார்கள். அவள் பகலெல்லாம் வலைக்குள் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக எதிர்ப்பக்கம் டயர்களில் தண்ணீர் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் நொண்டிக்கொண்டு இயக்ககத்துக்குப் போனார்.

அந்த அலுவலகத்தைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். வாசலுக்கு வலைக் கதவு, அதற்குள் இன்னொரு வலைக் கதவு. ஜன்னல் எல்லாம் வலை. பூந்தொட்டி இருந்தது, அடியில் தட்டு இல்லை. குடிதண்ணீர்ப் பானை துணிகட்டி மூடியிருந்தது. வளாகத்தில் ஒரு சிரட்டையளவு தண்ணீர்கூடத் தேங்கி நிற்கவில்லை. இயக்குநர் மேஜைமேல் கொசு அடிக்கிற மின்சார மட்டை ஒன்று வெள்ளைத் துணியில் சுற்றிவைக்கப்பட்டிருந்தது.

"சார், எங்க எதிர்ல இருக்கிற கண்காட்சியில புழு வந்திருக்கு சார்."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது சார். நெளியுது."

"அதான் வேணும்! வேற இடங்கள்ல போய்ப் பாருங்க, ரப்பர்ல செஞ்சு மிதக்க விட்டிருக்காங்க. நம்மது அசல்."

"அது கொசுவாகி வெளிய வருது சார்."

"வரணும். ஒரு வாரத்துல வரும்னு போர்டுல போட்டிருக்கோம். வரலேன்னாத்தான் எங்கமேல தப்பு."

"அந்தத் தண்ணிய மட்டும் கொட்டிட்டா..."

"எதைக் கொட்டறது?" இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "இதோ பாருங்க, தேங்கற தண்ணிங்கறது உங்க வீட்டுல இருக்கிறது. அதைக் கொட்டுங்கன்னுதான் நாங்க தொண்டை கிழியக் கத்தறோம். அங்க இருக்கிறது காட்சிப்பொருள். பொதுச் சொத்து. அதுல ஒரு சொட்டுக் குறைஞ்சாலும் நான் பதில் சொல்லணும்."

"மருந்தாவது ஊத்தலாமே சார்?"

"ஊத்தினா புழு செத்துப்போகும். அப்புறம் ஜனங்க எதைப் பாத்து விழிப்புணர்வு அடைவாங்க?"

"சார், என் சம்சாரம் மாசமா இருக்கா. நாள் நெருங்கிடுச்சு. அவளுக்கு வந்தா குழந்தைக்கு..."

"வாழ்த்துகள்!" என்று இயக்குநர் எழுந்து கையை நீட்டினார். "கட்டாயம் அவங்களைக் கூட்டிட்டு வந்து கண்காட்சியைக் காட்டுங்க. விழிப்புணர்வுங்கறது வயித்துல இருக்கும்போதே ஆரம்பிக்கணும்." நீட்டிய கையால் சாவிக்காரரின் வீங்கிய விரல்களைப் பிடித்து அழுத்திக் குலுக்கினார். சாவிக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் பேச்சைக் கேட்டு நெகிழ்ந்துவிட்டார் என்று இயக்குநர் நினைத்துக்கொண்டார்.

ஆனால் புகார் வந்துவிட்டதே, ஏதாவது செய்தாக வேண்டும். முதலில் மருந்து வண்டியை அனுப்பினார்கள். அது தெருமுனையிலிருந்து புகை கக்கிக்கொண்டு வந்தது. வீடுகளுக்குள் புகை போகாதபடி எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொசுவும் சாத்திய கதவுக்குள் இருந்துகொண்டது. கண்காட்சி வந்ததும் ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்து, தொப்பியைக் கழற்றாத குறையாக வண்டியை மெல்ல உருட்டிக் கடந்துபோய், அப்புறம் மறுபடி புகையை விட்டார். காட்சிப்பொருள்களுக்குச் சேதம் வரக்கூடாது என்று அவருக்கு உத்தரவு.

அடுத்ததாக ஆய்வுக்குழு வந்தது. வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஒரு பெரிய வரைபடத்தில் காய்ச்சல் கண்ட வீடுகளுக்கெல்லாம் சிவப்புப் பொட்டு வைத்தார்கள். நடுவில் கண்காட்சி, அதைச் சுற்றி நெருக்கமாகச் சிவப்பு, தள்ளிப்போகப்போகச் சிவப்பே இல்லை. பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரிகிற படம். இயக்குநர் அதைச் சுவரில் மாட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"வெட்கக்கேடு" என்றார் கடைசியில். "கண்காட்சிக்குத் தள்ளி இருக்கிறவன் ஆர்வமா வந்து பாத்துட்டுப் போறான், அவனுக்கு நோய் வரல. பக்கத்துலயே இருக்கிறவன் எப்ப வேணாலும் பாத்துக்கலாம்னு அலட்சியமா இருக்கான், அவனுக்கு வருது."

கத்திரிக்கோல், "பிரமாதமான கண்டுபிடிப்பு சார்" என்றார்.

மறுநாளே கட்டாயப் பார்வைத் திட்டம் அமலுக்கு வந்தது. அந்தத் தெருவில் இருக்கிற ஒவ்வொருவரும் தினமும் வந்து டயர்களின் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். காலையிலும் சாயங்காலமும்தான், அப்போதுதான் கொசு நன்றாகப் பறந்து கண்ணுக்குத் தெரியும். வராதவர்களின் வீட்டுத் தண்ணீர்க் குழாய் அடைக்கப்படும். நிற்க முடியாத நோயாளிகளுக்குப் பெஞ்சு போட்டார்கள். கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை என்று மூடியில்லாத தொட்டிக்கு ஒட்டி ஒரு மெத்தை நாற்காலி.

அந்த நாற்காலியைப் பார்த்த அன்றைக்குச் சாவிக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அதிகாரியிடம் பொய் சொன்னார். மனைவி அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார். அவள் ஜன்னலுக்கு ஒரு துணியைத் தொங்கவிட்டு, இருமல் வந்தால்கூடத் தலையணையில் முகத்தைப் புதைத்து இருமினாள். சொந்த வீட்டில் கொசுவுக்கும் அதிகாரிக்கும் சேர்த்துப் பயந்துகொண்டு ஒரு கர்ப்பிணி ஒளிந்திருந்தாள். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இயக்குநர் மட்டும் நல்ல உற்சாகத்தில் இருந்தார். பார்வையாளர் எண்ணிக்கை தினமும் ஏறியது. மேலிடத்திலிருந்து பாராட்டக் குழு வந்தது. அவர்களை அழைத்துப்போய் டயர் டயராக நின்று விளக்கினார். முட்டை ஒட்டியிருக்கும் இடத்தைக் காட்டுவதற்காக அரைக்கைச் சட்டையோடு கையை உள்ளே விட்டார். சாயங்காலம் முழுக்க அங்கேயே நின்றார். கொசுவுக்கு இயக்குநர் யார், சாவிக்காரர் யார் என்ற பேதம் தெரியாது. அந்த ஒரு நல்ல குணம் அதனிடம் உண்டு.

சில நாளில் இயக்குநர் படுத்தார். முதலில் அலைச்சல் என்றார், அப்புறம் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மூட்டு பிடித்துக்கொண்டதும், படுக்கையிலிருந்தே ஒரு அலறல் அலறினார்.

"அந்தத் தண்ணியை எல்லாம் கொட்டித் தொலைங்கய்யா!"

கத்திரிக்கோல் கையோடு உத்தரவை அடித்துக்கொண்டு வந்து நீட்டினார். இயக்குநர் பேனாவைப் பிடிக்கப் பார்த்தார். விரல் மடங்கவில்லை. பேனா உருண்டு போர்வையில் விழுந்தது. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார், கோடுதான் வந்தது. பல்லில் கடித்துக்கொண்டும் முயன்றார் என்று சொல்கிறார்கள், நான் பார்க்கவில்லை.

"கைநாட்டு வச்சுடறேன்" என்றார்.

"வைக்கலாம் சார். ஆனா கைநாட்டு வச்சா எழுதப் படிக்கத் தெரியாதவர்னு ஆயிடும். அப்புறம் உங்க பதவிக்கே கேள்வி வந்துடும்" என்றார் கத்திரிக்கோல், ரொம்பவும் வருத்தமாக.

"நீ போடேன்யா கையெழுத்து!"

"நான் பொறுப்பு அதிகாரிதான் சார். நடந்துட்டிருக்கிற வேலையை நடத்தறதுக்குத்தான் எனக்கு அதிகாரம். நிறுத்தறதுக்கு இல்ல." அவர் உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "நீங்க ரெஸ்ட் எடுங்க சார். நீங்க வர்ற வரைக்கும் ஒரு சொட்டுக் குறையாமப் பாத்துக்கறேன்."

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருப்பார். ஆனால் தண்ணீர் ஊற்றுகிறவருக்கே காய்ச்சல் வந்து, அந்தக் குழப்பத்தில் கேட்டின் சாவி எங்கேயோ தொலைந்துபோனது. கத்திரிக்கோல் வேர்க்க விறுவிறுக்கச் சாவிக்காரரின் கடைக்கு ஓடிவந்தார்.

"சீக்கிரம் ஒரு சாவி போட்டுக் குடுங்க. தண்ணி ஊத்தி ரெண்டு நாளாச்சு. வத்த ஆரம்பிச்சுடுச்சு, புழுவெல்லாம் செத்துடும்."

சாவிக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். பகடி ஏதும் அதில் இல்லை. உண்மையான பதற்றம், சொந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பது போன்ற பதற்றம். அதைப் பார்த்த நிமிஷத்தில் சாவிக்காரருக்குள் அத்தனை நாளாக இருந்த மரியாதை அப்படியே வற்றிப்போயிற்று. பெரிய மனிதர்கள் யோசிக்காமலா இருந்திருப்பார்கள் என்று நினைத்தோமே, இவர்கள் யோசித்ததே இதுதான் என்று அவருக்கு உறைத்தது.

"விரலைப் பாருங்க சார். அரம் பிடிக்க முடியல. நாளைக்கு வாங்க" என்றார்.

கத்திரிக்கோல் போனதும் உள்ளே திரும்பினார். வலைக்குள்ளிருந்து மனைவி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"உங்களால அந்தப் பூட்டைத் திறக்க முடியாதா?" என்றாள்.

"அது ஒரு பூட்டா? கண்ணை மூடிட்டுத் திறப்பேன்."

"அப்ப என்னங்க பாத்துட்டிருக்கீங்க?"

உச்சி வெயிலில் முழுக்கைச் சட்டையும் காலுறையும் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார். வளைந்த கம்பி ஒன்றை இடுக்கியில் கவ்வவைத்து, இடுக்கியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தித் திருப்பினார். வலி தோள்வரைக்கும் போனது. பூட்டு வாயைத் திறந்தது.

வாளிகளைக் காலால் தள்ளினார். தார்ப்பாயை முழங்கையால் தூக்கிச் சரித்தார். டயரைத் தூக்க முடியவில்லை, தோளைக் கொடுத்து நெம்பினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வேலிக்கு வெளியே பேக்கரிக்காரர் நிற்பதைப் பார்த்தார்.

"என்னய்யா பண்றே?" என்றார் பேக்கரிக்காரர்.

"போர்டுல போட்டிருக்கிறதைப் பண்றேன்."

பேக்கரிக்காரர் அண்ணாந்து பெரிய போர்டைப் பார்த்தார். உள்ளே வந்து அடுத்த டயருக்கு முதுகைக் கொடுத்தார். பெயின்டர் வந்தார், டைப்படிக்கிற அக்கா வந்தாள். நேராக நிற்கிற ஆள் ஒருவர் இல்லை. கை வராதவர்கள் காலாலும், கால் வராதவர்கள் இடுப்பாலும் தள்ளினார்கள். "ஐயோ அம்மா" என்று கத்தாமல் ஒரு வாளியும் சாயவில்லை. தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டு, ஓரமெல்லாம் தேய்த்தார்கள். சாவிக்காரருக்குத் தேய்ப்பு பிரஷைப் பிடிக்க முடியாததால் அக்கா அதை அவர் மணிக்கட்டில் துணியால் கட்டிவிட்டாள். ஜன்னலில் தொங்கிய துணியை விலக்கி, வலைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி, "ஃப்ரிட்ஜ் தட்டு! ஃப்ரிட்ஜ் தட்டை மறந்துட்டீங்க!" என்று கத்தினாள். தண்ணீர் கேட்டைத் தாண்டித் தெருவில் ஓடி வெயிலில் மினுங்கியது. வெயில் குறைவதற்குள் காய்ந்தும்போனது.

மறுநாள் கத்திரிக்கோல் நான்கு ஊழியர்களோடு வந்தார். காலி டயர் ஒவ்வொன்றுக்குள்ளும் குனிந்து பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார், சாவிக்காரரைப் பார்த்தார், முகம் தெளிந்துவிட்டது.

"தெருவுல தண்ணி தேங்க விட்டிருக்கீங்க. கொசு உற்பத்திக்கு வழி பண்ணினதுக்காக உங்கமேல நடவடிக்கை எடுக்கப்போறோம்."

இயக்ககம் தேங்கிய தண்ணீருக்காக ஒருவர்மேல் நடவடிக்கை எடுப்பது அதுவே முதல் தடவை. சாவிக்காரர் தெருவைப் பார்த்தார். எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது.

"தண்ணி எங்க சார் இருக்கு?"

அது ஒரு சிக்கல்தான். போட்டோ எடுக்க வேண்டுமே. ஒரு ஊழியர் பக்கத்துக் குழாயில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வந்து, பாதியைச் சாவிக்காரரின் வாசலில் ஊற்றினார். போட்டோ எடுத்தார்கள். மீதிப் பாதியோடு வாளியை அவர் ஜன்னலுக்குக் கீழே வைத்து, சுற்றிலும் கயிறு கட்டி, 'சாட்சிப் பொருள். தொடாதீர்' என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டார்கள்.

"இதை எப்ப எடுப்பீங்க?"

"விசாரணை முடிஞ்சதும்."

"விசாரணை எப்ப முடியும்?"

"இயக்குநர் கையெழுத்துப் போடணும்" என்றார் கத்திரிக்கோல். "விரல் மடங்கட்டும்."

சாவிக்காரர் வாளியைப் பார்த்தார். சுத்தமான தண்ணீர், நிழலான இடம். அந்தக் கொசு கேட்டு வாங்கினாலும் இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஜன்னல் வலைக்கு அந்தப் பக்கம் அவர் பிள்ளை.

கதவு திறந்தது. அக்கா வீட்டுக்குப் போயிருந்த மனைவி நிறைவயிற்றோடு வெளியே வந்தாள். ஊழியர்கள் தாமாகவே விலகி வழிவிட்டார்கள். அவள் கயிற்றை அவிழ்த்தாள். வாளியின் விளிம்பில் பாதத்தை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். தண்ணீர் கத்திரிக்கோலின் பூட்ஸை நனைத்துக்கொண்டு ஓடியது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் மெதுவாக உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"எழுந்திருங்கம்மா! அது சாட்சிப் பொருள்!"

"என்னைத் தூக்கிட்டு எடுத்துக்குங்க" என்றாள்.

கத்திரிக்கோல் ஊழியர்களைப் பார்த்தார். நான்கு பேரில் ஒருவர் தோளைத் தடவிக்கொண்டார், ஒருவர் முட்டியைப் பிடித்துக்கொண்டார், மற்ற இருவரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள். அவர் சட்டைப்பையில் கத்திரிக்கோல் இருந்தது. ஆனால் சில நாளாக அதன் வளையத்துக்குள் அவர் விரல் நுழைவதில்லை.

"நான் மேல என்னம்மா சொல்லுவேன்?" என்றார். குரல் இறங்கிவிட்டிருந்தது.

அவள் எதிரே கைகாட்டினாள். "உங்க போர்டுல போட்டிருக்கிறதை ஒருத்தி செஞ்சுட்டான்னு சொல்லுங்க."

அவர் திரும்பி, தானே ரிப்பன் வெட்டக் கத்திரிக்கோல் எடுத்துக்கொடுத்துத் திறந்துவைத்த அந்தப் போர்டை, வாய்விட்டு, முதல் தடவையாகப் படித்தார்.

பிள்ளை காய்ச்சல் இல்லாமல் பிறந்தது. தெருவில் புதிதாக யாரும் படுக்கவில்லை. சிமென்ட் தொட்டியை மறுபடி நிரப்ப ஆள் வந்தபோது பேக்கரிக்காரரும் பெயின்டரும் கேட்டை மறித்துப் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அப்புறம் இயக்ககமும் அதை மறந்துவிட்டது.

ஆண்டு விழாவுக்கு மறுபடியும் நாற்காலி நிரம்பவில்லை என்று சாவிக்காரரையும் குடும்பத்தையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். இயக்குநர் இரண்டு பேர் தோளில் கைபோட்டு மேடையேறினார். உடம்பு வளைந்திருந்தது, குரல் வளையவில்லை.

"நமது நிரந்தரக் கண்காட்சி ஊட்டிய விழிப்புணர்வால் அந்தத் தெருவிலிருந்து சிக்குன்குனியா அறவே ஒழிக்கப்பட்டது! அதன் பயனாக நோய் நொடியின்றிப் பிறந்த குழந்தை இதோ முன்வரிசையில் இருக்கிறது! இந்த மகத்தான சாதனைக்கு அனைவரும் பலமாகக் கை தட்டுங்கள்!"

தட்ட முடிந்தவர்கள் தட்டினார்கள். மற்றவர்கள் விரல்களை மடியிலேயே வைத்துக்கொண்டார்கள். சாவிக்காரருக்கு அப்போது விரல் ஓரளவு மடங்க ஆரம்பித்திருந்தது. ஆனாலும் அவர் தட்டவில்லை, அவர் கையில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.